ஐந்தாம் நாள் அப்பீல்

யூனிஸ் நீதிபதி ஆனபோது அவளுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் மருந்துக் கடைச் சட்டம்தான். டெக்சஸில் காப்பெல் என்ற ஊருக்கு வடக்கே, அடுத்த கவுண்டியில், அதாவது அடுத்த மாவட்டத்தில், ஒரே ஃபார்மஸியில் பல வருடங்கள் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேரின் ரத்த அழுத்தம் அவளுக்கு அத்துப்படி. 2006 ஜனவரியில் அந்தப் பகுதியின் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், அதாவது சின்ன வழக்குகளைத் தீர்க்கும் உள்ளூர் நீதிபதி, உடல்நலம் கெட்டுப் பாதியில் விலகினார். டெக்சஸில் அந்தப் பதவிக்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. டிராஃபிக் டிக்கெட், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, சின்னச் சின்னத் தகராறு இவற்றைத் தீர்க்க ஊரில் நல்ல பெயருள்ள ஒருவர் போதும். கவுண்டி கமிஷனர்கள் கூடி, மீதிக் காலத்துக்கு யூனிஸை நியமித்தார்கள்.

"டிரைவிங் லைசென்ஸுக்கே ரெண்டு டெஸ்ட் வைக்கிறான். உனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டான் கணவன் சத்தியசீலன்.

"டிரெய்னிங் இருக்குங்க. மொத வருஷத்துக்குள்ள எண்பது மணி நேரம் முடிக்கணும்."

"அதுக்கு முன்னாடி வர்ற கேஸ்?"

"அதையும் நான்தான் பாக்கணும்."

சொல்லும்போது அவள் குரலில் பயமே இல்லை. கறுப்பு அங்கி பார்சலில் வந்த அன்று, சமையலைப் பாதியில் விட்டுவிட்டுப் போட்டுப் பார்த்தாள். தோள் கொஞ்சம் பெரிது. பரவாயில்லை என்று கழற்றாமலே குழம்பைக் கிளறினாள்.

முதல் வழக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெங்கடகிருஷ்ணன் என்பவர் டாலஸில் ஐ.டி. வேலை பார்ப்பவர், இந்த ஊரில் வாடகைக்கு விட இரண்டு வீடுகள் வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஒன்றில் டோனா என்ற ஸ்கூல் பஸ் டிரைவர் தனியாகக் குடியிருந்தாள். வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று இருந்தது. டோனாவிடம் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் இருந்தது.

"ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன், காலி பண்ணுன்னு. கேக்கல," என்றார் வெங்கடகிருஷ்ணன், கோர்ட்டில் ஆங்கிலத்தில்.

"நாய் இருக்கிறதா?" என்று டோனாவைக் கேட்டாள் யூனிஸ்.

"இருக்கிறது," என்றாள் டோனா. வேறு எதுவும் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

யூனிஸ் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தாள். தெளிவாகத்தான் இருந்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, "கை நடுங்கவே இல்லங்க. பத்து வருஷமா ஜட்ஜா இருக்கிற மாதிரி இருந்துச்சு," என்று சத்தியசீலனிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்டினில் பயிற்சி தொடங்கியது. ஒரு ஹோட்டல் ஹால். அவளைப் போலவே புதிதாக வந்தவர்கள்: மாடு வளர்ப்பவர், ஓய்வு பெற்ற போலீஸ்காரர், பூக்கடை வைத்திருந்த பெண். எல்லோரும் ஏற்கெனவே தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். யூனிஸ் முதல் வரிசையில் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் எழுதினாள். காலேஜுக்குத் திரும்பிப் போனது போல இருந்தது.

புதன்கிழமை காலை, மார்ஜரி என்ற ஓய்வு பெற்ற நீதிபதி வீடு காலி செய்யும் வழக்குகளைப் பற்றி வகுப்பு எடுத்தாள்.

"முதலில் நோட்டீஸைப் பாருங்கள். ஃபோனில் சொன்னது நோட்டீஸ் ஆகாது. எழுத்தில் கொடுத்து மூன்று நாளாவது பொறுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வீட்டுக்காரர் கோர்ட்டுக்கே வர முடியாது."

யூனிஸின் பேனா நின்றது.

"இன்னொன்று. தோற்றவருக்கு ஐந்து நாளுக்குள் அப்பீல் செய்யலாம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது."

அதையும் அவள் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணினாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். இன்று ஐந்தாம் நாள்.

வகுப்பு முடியும்வரை அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து நேரே மேடைக்குப் போனாள். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, மார்ஜரி மைக்கை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

"தீர்ப்பை நானே மாற்றலாமா?" என்றாள் யூனிஸ்.

"முடியாது. ஆனால் சொல்லாமல் விட்டதைச் சொல்லலாம். இரண்டு பேருக்கும் ஒரே வாசகம், எழுத்தில். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. போங்கள், இந்த மணி நேரங்களை அடுத்த மாதம் வந்து முடித்துக்கொள்ளலாம்."

ஹோட்டல் வரவேற்பு மேஜையில் ஒரு தாள் வாங்கி, தோற்றவர் இன்று மாலைக்குள் அப்பீல் செய்யலாம் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஃபேக்ஸ் மெஷின் பேப்பரை இழுப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஊரில் அவளுடைய கோர்ட் கிளார்க் லிண்டா அதை வெங்கடகிருஷ்ணனுக்கு ஃபேக்ஸில் அனுப்பினாள். டோனாவிடம் கொடுக்க கான்ஸ்டபிளை விரட்டினாள்.

யூனிஸ் காரை எடுத்து ஐ-35 ஃப்ரீவேயில் வடக்கே விட்டாள். வழியில் வேகோ நகரைத் தாண்டுவதற்குள் சத்தியசீலன் அழைத்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் ஆபீஸ்லேர்ந்து போய் அந்தம்மாகிட்ட சொல்லட்டுமா? எனக்குக் கிட்டதான."

"நீங்க ஜட்ஜ் இல்லைங்க."

"நீயும் இன்னும் முழுசா ஆகலியே."

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த அழைப்பை லிண்டா இணைத்துக் கொடுத்தாள். வெங்கடகிருஷ்ணன்.

"என்னங்க மேடம் இது? தீர்ப்பும் குடுத்துட்டு, அப்பீல் பண்ணிக்கோன்னு நீங்களே சொல்லித் தர்றீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேப்பர்தான் சார். கேஸ் பத்தி உங்ககிட்ட தனியா நான் பேசக் கூடாது."

"நம்ம ஊர்க்காரங்களாச்சே, புரிஞ்சுப்பீங்கன்னு நெனச்சேன்."

"வச்சிடறேன் சார்," என்று வைத்துவிட்டாள். காது சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு லிண்டா. டோனா வீட்டில் இல்லை. பஸ் டிப்போவில் லீவு சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. யூனிஸ் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். இன்றே வீட்டை விட்டுப் போய்விட்டாளோ?

"நாய்," என்றாள் சட்டென்று. "லிண்டா, புது வீடு கிடைக்கிற வரைக்கும் அந்த நாயை எங்கே விடுவாள்? கான்ஸ்டபிளை அனிமல் ஷெல்டரில் பார்க்கச் சொல்."

ஊருக்குப் போகும் டென்டன் ரோட்டில் திரும்பும்போது ஃபோன் மறுபடி அடித்தது. ஷெல்டர் வாசலில், காருக்குள், நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போக மனமில்லாமல் டோனா உட்கார்ந்திருந்தாளாம். கான்ஸ்டபிள் தாளைக் கொடுத்ததும் மூன்று தடவை படித்தாளாம்.

யூனிஸ் கோர்ட்டுக்குள் ஓடி வந்தபோது டோனா கவுன்ட்டரில் அப்பீல் மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே காரில் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யூனிஸ் எதுவும் பேசக் கூடாது. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஜெயித்தவள் போலக் கையை உயரத் தூக்கி அப்படியே நின்றாள்.

மேல் கோர்ட்டில் வழக்கு தள்ளுபடி ஆனது. எழுத்தில் நோட்டீஸ் இல்லை, அவ்வளவுதான். வெங்கடகிருஷ்ணன் பிறகு முறைப்படி நோட்டீஸ் கொடுத்தார்; டோனா அதற்குள் நாய்க்கு இடமுள்ள வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். நீதிபதியாக யூனிஸ் சொன்ன முதல் தீர்ப்பு தவறு என்று கவுண்டிப் பதிவேட்டில் ஏறியது. அந்த உத்தரவின் நகலை அவள் சத்தியசீலனிடம் காட்டினாள்.

"வருத்தமா இல்லையா?"

"இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லவா? எண்பது மணி நேரம் போதாது. அதையும் கேஸ் பாக்க ஆரம்பிச்சப்புறம்தான் குடுக்கறாங்க."

"என்ன பண்ணப் போற?"

மறு வியாழக்கிழமை அவள் விடிந்ததும் கிளம்பிப் பக்கத்துக் கவுண்டிக்குப் போனாள். அங்கே இருபது வருடமாக நீதிபதியாக இருப்பவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். அங்கி இல்லாமல், பார்வையாளர் பெஞ்சில், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று அங்கே பதினோரு வழக்குகள். முதல் பெயர் கூப்பிட்டதுமே அவள் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள்.