வேப்பிலை கட்டிய வீடு

அய்யம்மாள் சொன்ன பொய் சின்னப் பொய்தான். ஊர் வாயை அடைக்க அதைவிடச் சின்னதாக ஒன்று அவளுக்குக் கிடைக்கவில்லை.

2009இல் பன்றிக் காய்ச்சல் பரவிய நேரம். புனேயில் நர்சிங் படித்த மகள் கிருபாவதியைக் காலேஜை மூடி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெயமங்கலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பேரைப் பாருங்களேன், பன்னிக் காய்ச்சலாம்! அந்தப் பேரோடு ஒரு குமரியை எவன் கட்டுவான்? அவள் ஆத்தாளை நடவுக்கு எவன் கூப்பிடுவான்? அய்யம்மாள் வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினாள். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தெருவுக்குச் சொன்னாள். மாரியாத்தா வந்து இறங்கியிருக்கிற வீட்டுக்குள் யார் நுழையப்போகிறார்கள்? தீர்ந்தது விஷயம்.

காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. பிள்ளைதான் தேறவில்லை. தின்பதில்லை, உறங்குவதில்லை, சுவரைப் பார்த்தே கிடந்தாள். புனேயில் அவளோடு ஒரே அறையில் இருந்த மலையாளத்துப் பெண் இதே காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். என்னாலதான் அவளுக்கு ஒட்டுச்சு, என்னாலதான் என்று கிருபாவதி முனகிக்கொண்டே இருந்தாள். தேனியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம், கூட்டிப்போ என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்.

"ஆத்தா இருக்கையில வாசப்படி தாண்டக் கூடாதுடி," என்றாள் அய்யம்மாள்.

சொன்ன பிறகுதான் தன் பொய்யைத் தானே நம்பிப் பேசியது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் இப்போது பிள்ளையை வெளியே கூட்டிப்போனால் குட்டு உடைந்துவிடுமே. தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகப் போகும் என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

தெருப் பெண்கள் உள்ளே வராவிட்டாலும் ஜன்னலுக்கு வந்தார்கள். அம்மை கண்டவள் வாயில் வருவதெல்லாம் ஆத்தா வாக்கல்லவா? இருட்டறைக்குள் இளநீரை நீட்டி, குறை இருந்தாச் சொல்லு தாயி என்று நிற்பார்கள். சோறு வேண்டாம் என்று கிருபாவதி முகத்தைத் திருப்பினால், ஆத்தா கூழ் கேட்கிறாள் என்று அன்றைக்கே தெருவில் கூழ் காய்ச்சினார்கள். அய்யம்மாளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பாவி, அவள் சிரித்திருக்கக் கூடாது.

நடவு முடிந்து ஒரு மத்தியானம் திரும்பியவளை, அடுத்த வீட்டு அக்கம்மாள் தெரு முனையிலேயே பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"உத்தரவு ஆயிருச்சு அய்யம்மா. 'நான் போறேன், இனிமே இருக்க மாட்டேன்'னு ஆத்தா அவ வாயாலயே சொல்லிட்டா. மஞ்சத்தண்ணி காயுது, தலைக்கு ஊத்திரலாம்."

அந்தப் பக்கத்தில் கடைக்குக் கிளம்புகிறவர்கள்கூடப் போறேன் என்று சொல்ல மாட்டார்கள், போயிட்டு வாறேன் என்றுதான் சொல்வார்கள். போறேன் என்று சொல்லி ஊரைச் சந்தோஷப்படுத்துவது அம்மையாக வந்த ஆத்தா ஒருத்திதான். இந்த வீட்டுக்கோ ஆத்தா வரவே இல்லை. அப்படியானால் சொன்னது யார்?

அய்யம்மாள் ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஓங்கி ஓங்கித் தட்டினாள், பதிலே இல்லை. தோளால் மோதப்போனவளை அக்கம்மாளும் இன்னும் சிலரும் இழுத்துப் பிடித்தார்கள். ஆத்தா கிளம்புகிற நேரத்தில் கதவை உடைப்பது தெய்வக் குத்தமாம்.

அம்மையே இல்லை, நான் சொன்னது பொய் என்று கதறினாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயோ பாவம், இவளுக்கும் அருள் வந்துவிட்டது என்றாள் ஒருத்தி. நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். பிடி இன்னும் இறுகியது.

"பன்னிக் காய்ச்சலுடி! எம்மக கொண்டுட்டு வந்தது பன்னிக் காய்ச்சலு!"

அத்தனை கையும் விட்டுவிட்டன. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய் ஒதுங்கினார்கள். எந்தப் பார்வைக்குப் பயந்து இத்தனையும் செய்தாளோ, அதே பார்வையோடு நின்றார்கள். திரும்பிப் பார்க்க அய்யம்மாளுக்கு நேரமில்லை. மோதிய மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

கிருபாவதி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். அய்யம்மாள் பாய்ந்து அவளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கூப்பிடக் கூப்பிட ஏன்டி வாயைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அழுதாள்.

"எல்லார்ட்டயும் சொன்னேன்மா, போறேன்னு," என்றாள் மகள். "கையெடுத்துக் கும்புட்டாக."