செருப்புக்கடையில் ஒரு பாக்கெட் பிரெட்

செருப்புக்கடைக்கு வந்து பிரெட் கேட்பவரை என்ன செய்வது? முதல் ஆள் கேட்டபோது கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த ஆள் கேட்டபோது வெளியே போய்த் தன் கடைப் பலகையையே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் அவ்வப்போது யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஒரு பாக்கெட் பிரெட் கிடைக்குமாங்க?"

கேட்கும்போதே காது சிவந்துவிடும், குரல் கம்மிவிடும். பதில் கிடைத்ததும் ஓடிப்போனாலாவது பரவாயில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, வியர்த்து விறுவிறுத்து, கடையிலிருப்பவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

"நமக்கு வேண்டாதவங்க யாரோ ஆள் வச்சு வம்பு பண்றாங்க அண்ணே," என்றாள் கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண். பேச்சில் அவளை யாரும் மிஞ்ச முடியாது என்பதால் கடையில் அவளுக்கு வாயாடி என்றே பெயர்.

ஒருநாள் மலைபோல ஒரு ஆள் வந்து, கோழிக்குஞ்சுக் குரலில் பிரெட் கேட்டான். கடைக்காரர் அவனை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "தம்பி, என்னதான் விஷயம்? உண்மையைச் சொல்லுங்க," என்றார். அவன் கொட்டிவிட்டான். எதிர்க் கட்டடத்து மாடியில் மனப்பதற்றத்துக்கு ஒரு சிகிச்சை நடக்கிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே பயப்படுகிறவர்களுக்கான ஆராய்ச்சி அது. கடைசிக்கட்டப் பயிற்சி, ஏதாவது ஒரு கடைக்குப் போய் அங்கே விற்காததைக் கேட்பது. இந்தக் கடையென்றால் பிரெட்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள். அடுத்தவர் கஷ்டப்படுவதைப் பார்த்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. மறுநாளே பேக்கரியிலிருந்து பிரெட் பாக்கெட்டுகள் வாங்கிவந்து, பள்ளிக்கூட ஷூக்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கிவைத்தார். அடுத்து வந்த பெண் வாயைத் திறப்பதற்குள், "இருக்கும்மா, இந்தா!" என்று கையில் திணித்தார். அவள் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, உயிர் பிழைத்தது போல ஓடினாள். புண்ணியம் சேர்ந்ததென்று இவர் பூரித்துப்போனார்.

மிஞ்சிய பிரெட்டெல்லாம் வீட்டுக்கு வந்தது. காலையில் பிரெட், மாலையில் பிரெட். "நீங்க நடத்துறது செருப்புக்கடையா, பேக்கரியா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் மட்டும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் எதற்குமே எதுவும் சொல்கிறவள் இல்லை.

அந்த வீட்டின் ஒரே கவலை அவள்தான். கல்லூரியில் ஒருமுறை பேச எழுந்தபோது நாக்குக் குழறியது, வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய், வெளியாட்களிடம் பிறகு திறக்கவே இல்லை. கட்டட வரைபடம் போடுவதில் கெட்டிக்காரி. வீட்டிலிருந்தே வேலை. ஆனால் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எடுப்பது அப்பாதான். "பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்குங்க," என்பார். வருஷக்கணக்கில் கட்டியிருக்கிற தொண்டை அது. பல் டாக்டரிடம் போனாலும் எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்வது அவர்தான். "நம்ம காலத்துக்கப்புறம் இவளுக்காக யாருங்க பேசுவா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

பிரெட் தானம் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். எதிர் மாடியிலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண்மணி நேரே இறங்கி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சார், நீங்கதான் பிரெட் குடுக்கறீங்களா?"

"ஆமாங்க மேடம்," என்றார் இவர், பாராட்டை எதிர்பார்த்து.

"எங்க ஆராய்ச்சியையே கவுத்துட்டீங்களே! மத்த எல்லாருக்கும் முன்னேற்றம் தெரியுது. கொஞ்ச நாளா உங்க கடைக்கு வந்தவங்க மட்டும் அப்படியே நிக்கறாங்க. ஏன்னு புரியாம நாங்க தலையைப் பிச்சுக்கிட்டிருந்தோம்."

"பாவம் மேடம், நடுங்கிக்கிட்டு வராங்க. இருந்தா குடுக்கறதுல என்ன தப்பு?"

"அவங்க பிரெட்டுக்கா வராங்க? 'இல்லை'ன்னு கேட்கறதுக்கு வராங்க சார். யாராவது சிரிப்பாங்க, முறைப்பாங்க. அப்பவும் தலை ஒண்ணும் போயிடலைன்னு அவங்களே நின்னு பாக்கணும். அதுதான் மருந்து. நீங்க ஓடிவந்து குடுத்துட்டா, 'அப்பாடா, இன்னைக்குத் தப்பிச்சோம்'னு போயிடறாங்க. பயம் அப்படியே உள்ளே உக்காந்திருக்கு. நாளைக்கு இன்னும் பெருசா ஆகும்."

அப்பாடா, தப்பிச்சோம். ஒவ்வொரு முறை கடைக்காரர் போனைக் கையில் வாங்கும்போதும் மகள் முகத்தில் வருவது அதுதான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் தன்னை நல்ல அப்பா என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்ள வந்த பெண்மணிக்கு அவர் கண் கலங்கியதைப் பார்த்துக் கோபம் போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இவர் மகளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நாளைக்கே கூட்டிட்டு வரட்டுங்களா மேடம்?"

"நீங்க கூட்டிட்டு வரக்கூடாது. அவங்களே போன் பண்ணணும். அதுவரைக்கும் அவங்களுக்காக நீங்க பேசறதையும் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துங்க. சொல்லிட்டு நிறுத்துங்க, திடீர்னு கைவிடாதீங்க."

அன்றே மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, போன் நம்பர் இருந்த அட்டையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "இனிமே ஆபீஸ் போனை நான் எடுக்க மாட்டேம்மா. பக்கத்துல வேணா உக்காந்துக்கறேன்," என்றார். அவள் அழுதாள். அவரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு போன் மணி அடிக்கும்போதெல்லாம் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையில் பிரெட் அடுக்கிய இடத்துக்கு ஷூக்கள் திரும்பிவந்தன. அட்டை மட்டும் மேஜையிலேயே கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஹலோ, அந்த... ஆராய்ச்சிக்கு..." என்று ஒரு குரல் திக்கித்திக்கிக் கேட்டது. மனைவி அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பூனை மாதிரி அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.

மாடியில் என்ன நடக்கிறதென்று மகள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது வாயாடிக்குத்தான் தெரியும். எல்லாப் புலம்பலையும் கேட்டவள் அவள்தானே.

பள்ளி திறக்கும் சமயம். கடையில் கூட்டம் நெரிந்தது. ஷூ பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார். கல்லாவுக்கு எதிரே மகள் நின்றிருந்தாள். காது சிவந்திருந்தது.

"ஒரு பாக்கெட் பிரெட் கிடைக்குமாங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு அம்மாள், "நல்லாத்தானே இருக்கா, என்னாச்சு இவளுக்கு?" என்று காதுபடவே சொன்னாள். கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. அந்த அம்மாளை வெளியே போகச் சொல்ல வேண்டும், மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும், தெருவைத் தாண்டி ஓடி பேக்கரி மொத்தத்தையும் வாங்கிவந்து அவள் முன்னால் கொட்ட வேண்டும் என்றெல்லாம் உடம்பு பரபரத்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்புப் பெட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

"இல்லீங்க," என்றார். குரல் உடைந்தது. "இது செருப்புக்கடை."

அவள் ஓடவில்லை. சிரித்தவர்களையும், அந்த அம்மாளையும், வாயைப் பொத்திக்கொண்டு நின்ற வாயாடியையும் நிதானமாகப் பார்த்தாள். காதின் சிவப்பு மெல்ல இறங்கியது.

"சரிங்க, பரவாயில்லை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு எதிர்க் கட்டடத்து மாடிப்படிகளை மூச்சிரைக்க ஏறினார். ஆராய்ச்சிப் பெண்மணி முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். "அன்னைக்கு என்னைத் திட்டறதுக்குன்னே இறங்கி வந்தீங்களே மேடம், அதுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்," என்றார்.

"உங்க கடைக்குப் போறேன்னு அவங்களேதான் கேட்டு வாங்கினாங்க சார்," என்றார் அந்தப் பெண்மணி. "வேற எந்தக் கடையில கேட்டாலும் பயம் பாதிதான் போகும், அப்பா வாயால 'இல்லை'ன்னு கேக்கணும்னாங்க."

வீட்டுக்குப் போனபோது மேஜைமேல் ஒரு பிரெட் பாக்கெட் இருந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று மனைவி சண்டைக்கு வந்தாள்.

"அது நான் வாங்கினதும்மா," என்றாள் மகள். "பேக்கரில நானே கேட்டு வாங்கினேன்."

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் மெதுவாக மேஜையருகே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு துண்டு கிடைக்குமாங்க?"

மகள் பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "இல்லீங்க," என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. கடைக்காரர் ஓடவில்லை. கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றார்.