எலுமிச்சைச் சாற்றில் ஒரு பவள ரோஜா

இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் தெருமுனையில் திரும்பிவிட்டால், அந்தத் தெருப் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். விஜயகுமாரியின் குவார்ட்டர்ஸ் வாசல் வேப்ப மரத்தடிக்கு நாற்காலிகள் வந்து சேரும். அன்றைக்குத் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கச் செங்கமலமும் வந்திருந்தாள். பக்கத்துக் கிராமத்துக்காரி. அவள் புருஷன் கலியமூர்த்தி சுரங்கத்தில் பதினாறு வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. அதே சுரங்கத்தில் விஜயகுமாரியின் புருஷன் நல்லசாமி பர்மனென்ட்.

பையிலிருந்து ஜாக்கெட்டை எடுக்கச் செங்கமலம் குனிந்தபோது அவள் கழுத்துச் சங்கிலியில் சிவப்பாக ஒன்று ஊசலாடியது. எதிர் வீட்டுத் தேவயானி அதைக் கையில் ஏந்திவிட்டாள்.

"என்னடி இது, ரோஜாப் பூவா? இதழ் இதழா செதுக்கியிருக்கு."

"பவளங்க்கா. எங்கப்பா கப்பல்ல சமையல் வேலை பாத்துகினு இருந்தாரு. இத்தாலியில வாங்கியாந்தது. ஒரே பவளத்துல செதுக்குனதாம். அவரு போயி நாலு வருசமாச்சு. அம்மா பொட்டியிலயே கெடந்துச்சு, இப்பதான் பத்தர்கிட்ட குடுத்துக் கொக்கி வெச்சேன்."

"விஜி, இங்க பாரேன். உள் இதழ் நகக் கனம்கூட இல்ல. உன் மாலை வெறும் உருண்டை உருண்டையா இருக்கு. இதுக்குப் பக்கத்துல அது நிக்குமா?"

விஜயகுமாரி சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. செவ்வாய்க்கு நல்லது என்று ஜோசியர் சொல்லி, ஆறு மாதத்துக்கு முன் வெளியூர்க் கடையில் தேடிப் பிடித்து வாங்கிய மாலை அது. நேற்று வரை அந்தத் தெருவில் பவளம் என்றால் விஜயகுமாரி கழுத்துதான்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த நல்லசாமி காதோரக் கரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

"கான்ட்ராக்ட்காரன் பொண்டாட்டிக்கு இத்தாலி பவளமாம். வாய் கூசாம சொல்றா."

"இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு எங்க எரியுது?"

"எனக்கென்ன எரியுது? பொய் சொல்றாளேன்னுதான்."

"சரி, சோத்தப் போடு."

சோறு போட்டாள். ஆனால் அந்தச் சிவப்பு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. கோலம் போடும்போது இதழ் இதழாக அதுதான் வந்தது. தன் மாலையைக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்தாள், கழற்றி வைத்தாள். அது பொய்யாக இருந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. பிறகு, அது பொய்யாகத்தான் இருக்கும் என்று நிச்சயமே ஆகிவிட்டது.

அடுத்த முறை செங்கமலம் வந்தபோது கேட்டாள்.

"அந்த ரோஜாவ ஒரு ரெண்டு நாள் குடேன். எங்க நாத்தனார் இதே மாதிரி ஒண்ணு செய்யணுமாம், பாக்கணும்கிறா."

செங்கமலம் யோசிக்கவே இல்லை. கழற்றி, வெட்டி மிச்சமிருந்த ஜாக்கெட் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "பத்திரம்" என்றுகூடச் சொல்லவில்லை.

நகைக்கடையில் தங்கத்தைக் கல்லில் உரசித் திராவகம் விடுவதை விஜயகுமாரி பார்த்திருக்கிறாள். போலி கரைந்து ஓடும். அசல் அசையாமல் நிற்கும். பவளத்துக்கும் அதே நியாயம்தானே என்று எண்ணினாள். திராவகத்துக்கு எங்கே போவது? இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கிண்ணத்தில் பிழிந்து ரோஜாவை உள்ளே போட்டாள்.

குபுகுபுவென்று நுரை வந்தது.

அவளுக்கு வந்த சந்தோஷம் பெற்ற பிள்ளை பாஸானபோதுகூட வந்ததில்லை. ஈரக் கையோடு போனை எடுத்து, செங்கமலம் இல்லாத தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்: "செங்கமலத்தோட ரோஜா டூப்ளிகேட். எலுமிச்சைச் சாறுக்கே தாங்கல." சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருத்தி, "நாம குடுக்கிற துணியையும் மாத்திடுவாளோ" என்று கேட்டாள். விஜயகுமாரி அதற்குப் பதில் போடவில்லை. போட்டிருக்கலாம்.

ரசம் வைத்து இறக்கிய பிறகுதான் கிண்ணத்தின் ஞாபகம் வந்தது. ரோஜா சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. உள் இதழ்களின் ஓரம் அரித்துப் போயிருந்தது. பத்தர் வாயாலேயே போலி என்று கேட்டுவிட்டால் மனசு அடங்கும் என்று மறுநாள் காலை கடைத்தெருவுக்குப் போனாள்.

ராமசாமிப் பத்தர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எதுலம்மா போட்டீங்க?"

"எலுமிச்சைச் சாறுல. நுரைச்சிருச்சு. போலிதானே?"

"என்ன காரியம் பண்ணிட்டீங்க. இது தங்கம் இல்லம்மா, கடல்ல சின்னச் சின்ன உசுருங்க சேந்து கட்டுன கூடு. முட்டை ஓடு, சிப்பி மாதிரிதான். புளிப்புப் பட்டா நுரைக்கும், கரையும். கண்ணாடியா இருந்திருந்தா அதும்பாட்டுக்குச் சும்மா கெடந்திருக்கும்."

"பழையபடி ஆக்கிடலாமில்ல?"

"வெளிய தேச்சுப் பளபளப்பு ஏத்தித் தரேன். உள் இதழ் போனது போனதுதான். செதுக்குனவன் கைக்கு நான் எங்க போவேன்?"

வீட்டுக்கு வந்தவள் அடுப்படியில் நின்று, தன் மாலையின் ஒரு மணி மேல் ஒரு சொட்டுச் சாறு விட்டாள். சொட்டு பனித்துளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அடுத்த மணிக்கு ஒரு சொட்டு. அதற்கடுத்ததற்கும். ஒன்றுகூட நுரைக்கவில்லை.

மறுநாள் மரத்தடிக்கு வந்த செங்கமலத்தின் முகம் வாடியிருந்தது. பை காலியாக இருந்தது.

"மூணு வூட்ல துணிய திருப்பி வாங்கிகினாங்க்கா. என்னா ஏதுன்னு யாரும் வாயத் தொறக்க மாட்றாங்க."

தேவயானி மரத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் போனைப் பார்த்தார்கள். ரோஜாவைத் தெருவில் எங்கோ தவறவிட்டதாகச் சொல்லிவிட ஒரு கணம் விஜயகுமாரிக்கு ஆசை வந்தது. பிறகு ரோஜாவைச் சுற்றியிருந்த துணிச் சுருளைச் செங்கமலத்தின் கையில் வைத்துவிட்டு, எல்லோரும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள். எலுமிச்சை, குரூப், பத்தர், ஒன்றும் விடவில்லை.

செங்கமலம் சுருளைப் பிரித்தாள். சுண்டு விரலால் உள் இதழைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இத மட்டும் தொடாதடின்னு அப்பா சொல்லிகினே இருப்பாரு. மெல்லிசாம்." நிமிர்ந்தாள். "சந்தேகம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பத்தர்கிட்ட கூட்டிகினு போயிருப்பனேக்கா. கான்ட்ராக்ட்காரன் பொண்டாட்டி கழுத்துல இருக்கிறது பொய்யாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டீங்க."

"மன்னிச்சுக்கடி செங்கமலம். பத்தர்கிட்ட குடுத்து..."

"ரோஜா அப்புறம். எம் பேரு கெட்டுக் கெடக்குது பாருங்க, அத மொதல்ல சரி பண்ணுங்க. நாலு பேரு துணிய நம்பிக் குடுத்தாத்தான் எங்க வூட்ல அடுப்பெரியும்."

விஜயகுமாரி அங்கேயே நின்று போனில் எழுதினாள். இரண்டு முறை அழித்து எழுதினாள். கொஞ்ச நேரத்தில் மரத்தடியில் இருந்த ஒவ்வொருத்தி மடியிலும் போன் கூவியது. தேவயானிதான் வாய்விட்டுப் படித்தாள்.

"செங்கமலத்தோட பவளம் அசல். என் மாலைதான் கண்ணாடி. அடுத்தவ கழுத்துல இருக்கிறது பொய்யா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் அவ பொருளையும் பேரையும் அரிச்சிருச்சு. பர்மனென்ட், கான்ட்ராக்ட் எல்லாம் சுரங்கத்தோட நிக்கட்டும். மனுஷங்களை அதை வெச்சு எடை போடாதீங்க. பொறாமையா இருந்தா என்னை நெனச்சுக்கோங்க."

படித்து முடித்த தேவயானி எழுந்து எதிரே தன் வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில், முந்தின நாள் திருப்பி வாங்கிய ஜாக்கெட் துணி இருந்தது. செங்கமலம் அதை உடனே வாங்கவில்லை. வெளுத்த ரோஜாவை முதலில் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகுதான் கை நீட்டினாள்.