தொழுவத்துக் கதவில் ஒரு ஹாரன்

பித்தளை அண்டாவைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் கிடந்த நைந்த நூல் சேலையை எடுத்துக்கொண்டு போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்?

ஆவுடைத்தாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்படி வாசலில் நின்று, புறவாசல் தொழுவத்தின் கதவுக்கு மேலே சங்கிலிப்பாண்டி ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கிலிப்பாண்டி தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒயரிங் கடை வைத்திருப்பவன். ஏணியின் கீழே அவள் கணவர் ஆறுமுகநயினார் அண்ணாந்து நின்றார்.

தொழுவத்தில் மாடு கட்டி வருஷங்களாகிவிட்டன. தேங்காய் மட்டையும் உடைந்த கட்டிலும் பித்தளை அண்டாவும் பழந்துணியும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான் கிடந்தன. போன வாரம் அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுக்கக் கம்பு தேடிப் போனவர், "தொட்டில் கம்பக் காணோம்" என்று வந்து நின்றார். அன்றைக்கே சங்கிலிப்பாண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கு முன்னமே சேலைகள் போயிருந்தன. பிறகு குழந்தைக்கு மருந்து உரைக்கிற கல். அந்தக் கதவின் தாழ்ப்பாளைச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். வெளியாள் என்றால் உடைத்துத்தான் உள்ளே போக வேண்டும். எதுவும் உடையவில்லை. எல்லாம் வெள்ளிக்கிழமைகளில், இருவரும் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் போயின.

கம்பு போனதும் அவர் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். சேலை, கம்பு, கல். அவளுக்கு மேற்கொண்டு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாய்வீட்டில் படுத்துக் கிடந்து பெற வேண்டிய தலைப்பிள்ளையை எங்கேயோ பெற்றுவிட்டு, தாய் எடுத்துத் தர வேண்டியதையெல்லாம் மகள் தானே வந்து எடுத்துப்போகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை ஆவுடைத்தாய் குழந்தையின் கையில் கட்டுகிற வசம்புமணியைக் கோத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது அது இல்லை. வெறும் பெட்டிக்குள் கையை விட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த இரண்டு வருஷத்தில் மகள் அவளோடு பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

மகள் குழல்வாய்மொழி, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவனோடு போனாள். வாசுதேவநல்லூர் மாப்பிள்ளைக்கு நிச்சயமாகிப் பத்திரிகையும் அடித்து வந்திருந்த நேரம். மறுநாளே ஆறுமுகநயினார், "செத்தவளுக்கு முழுகுத மாதிரி முழுகிரணும்" என்று ஆவுடைத்தாயைப் பேரருவிக்குக் கூட்டிப்போனார். வீட்டுக் கிணற்றில் முழுகினால் ஊருக்குத் தெரியாதே. நல்ல சாரல். பெண்கள் பக்கத்தில் ஒரே கூச்சலும் சிரிப்பும். அவளும் தலையைக் கொடுத்தாள். அந்த இரைச்சலுக்குள் மகளின் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்றவள், குளிர் தாங்காமல் கத்துகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, காதப் பொத்திக்கிடுங்க" என்றான் சங்கிலிப்பாண்டி.

பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய ஹாரன் அது. அலறிய அலறலில் தென்னையில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன. பக்கத்து வீட்டுப் பேராச்சி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏ ஆவுடை, என்னட்டி இது! செங்கோட்டை பஸ்ஸு ஒங்க புறவாசலுக்கு வந்துட்டா?"

"ஆமா மதினி, டிக்கெட்டு எடுத்துட்டு ஏறிக்கிடுங்க" என்றான் சங்கிலிப்பாண்டி ஏணியிலிருந்தே.

"எடுப்பேன்லே, ஒன் தலையில இருந்து!" என்று தலையை இழுத்துக்கொண்டாள் பேராச்சி.

ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. "தெரு முனை வரைக்கும் கேக்குமாடே?" என்றார்.

"மேலகரம் வரைக்கும் கேக்கும்."

கதவு நிலையில் ஒரு துணிக் கிளிப்பைப் பொருத்தியிருந்தான். அதன் வாயில் இரண்டு பித்தளைக் குமிழ் ஆணி. நடுவே ஓர் அட்டையைச் சொருகி, அட்டையைக் கறுப்பு நூலால் கதவோடு கட்டிவிட வேண்டும். கதவைத் திறந்தால் நூல் அட்டையை இழுத்துவிடும், ஆணிகள் ஒன்றையொன்று தொடும், ஹாரன் அலறும்.

"கெட்டி அட்டையா ஒண்ணு வேணும். சாரல்ல தொவளக் கூடாது. மதினி, சோப்பு டப்பா இருந்தாக்கூடப் போதும்."

ஆவுடைத்தாய் திரும்பினாள்.

"நில்லுட்டி. நான் எடுத்தாரேன்" என்றார் ஆறுமுகநயினார்.

மச்சுக்கு ஏறிப்போனவர் தூசி தட்டியபடி இறங்கிவந்து நீட்டினார். வாங்கிய சங்கிலிப்பாண்டியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இது பாப்பா கல்யாணப் பத்திரிகைல்லா?"

"அட்டைதானடே. வெட்டு."

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்த பத்திரிகை அது. மஞ்சள் தடவியவள் ஆவுடைத்தாய். கத்தரி வெட்டுகிற சத்தம் அவள் இருந்த இடம் வரை வந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவருக்குத் தெரியும். தொட்டில் கம்பைக் காணோம் என்று வந்து நின்றபோதே தெரிந்திருக்கிறது. தான் தாத்தாவாகிவிட்டதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் தெரு முனை வரை கேட்குமா என்று கேட்டிருக்கிறார். இத்தனை நாளும் இந்த மனிதருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று பயந்தாள். தெரியாமலே இருந்திருந்தால் அவரோடு இன்னும் கொஞ்ச நாள் ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

சங்கிலிப்பாண்டி அவள் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறுமுகநயினார் குளித்துத் திருநீறு பூசி, கோயிலுக்குக் கிளம்பி நின்றார். ஆவுடைத்தாய் பூத்தட்டோடு வந்தாள். வெட்டிய அட்டையை அவர் அவளிடம் நீட்டினார். அதன் ஒரு மூலையில் மஞ்சள் மங்கலாக இருந்தது.

"போயிச் சொருவிட்டு வா."

அவள் பூத்தட்டைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"நீதான் வைக்கணும். அருவியில நான் ஒருத்தனா முழுகுனேன்?"

அவள் புறவாசலைப் பார்த்தாள். தூறலில் நனைந்த கதவு. தாழ்ப்பாளைத் தூக்குகிற கை. இடுப்பில் ஒரு குழந்தை, அதன் கையில் வசம்புமணி. ஹாரன் அலறியதும் அது உடம்பு தூக்கிப்போட்டு வீறிடும். மதிலுக்கு மேலே தலைகள் முளைக்கும். பிறந்த வீட்டின் பழந்துணியை மார்போடு அணைத்தபடி அவள் பெற்ற மகள் நடுவில் நிற்பாள்.

ஆவுடைத்தாய் பூத்தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் நீட்டிய கை அப்படியே நீண்டிருந்தது.

"என்னட்டி, நேரமாவுதுல்லா?"

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நான் இங்கனதான் இருப்பேன். அதச் சொருவ மாட்டேன்."