சோபாவின் நான்கு கால்கள்

எங்கள் வீட்டுச் சோபா வந்து மூன்று வாரமாகிறது. நாங்களாக விரும்பி அதில் உட்கார்ந்ததே இல்லை. இதை ஹுஸ்னாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சோபாவைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியிலேயே ஐந்தாவது மாடியில் இருக்கும் பெண். வீட்டு உள் அலங்காரம் படித்தவள். எங்கள் வீடுதான் அவளுக்கு முதல் வேலை. வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து ‘ஓப்பன் கான்செப்ட்’ ஆக்கினாள். கண்ணைக் குத்திய வெள்ளை விளக்குகள் போய் இதமான மஞ்சள் வெளிச்சம் வந்தது. சுவருக்கு மணல் நிறம். அதற்கு முன்னால், மூலையே இல்லாமல் வளைந்த பால்வெள்ளைச் சோபா, மெல்லிய மரக்கால்களில் நின்றது. இந்த வருஷம் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்களாம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பார்ப்பதற்கு.

உட்காருவது என்று வந்தால் எங்கள் பழக்கம் வேறு. தரையில் காலை நீட்டி, சோபாவில் முதுகைச் சாய்த்தால்தான் எனக்கு டிவி பார்த்த மாதிரி இருக்கும். என் கணவர் சிவநேசன் மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவர். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, அவரும் பக்கத்தில் சரிந்துவிடுவார். யாராவது கதவைத் தட்டினால் மட்டும் இருவரும் துள்ளியெழுந்து சோபாவில் ஏறிக்கொள்வோம். சொந்த வீட்டில் திருட்டு முழி முழித்துக்கொண்டு இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நோர்மா வருவதாக ஏற்பாடு. அவர் வீட்டு அலங்காரத்துக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார். அதில் படம் வந்தால் அடுத்த வேலை தானாக வரும் என்று ஹுஸ்னா நம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா, அவள் அத்தா என்று கூப்பிடும் ஜபருல்லா, லிட்டில் இந்தியாவில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். “இன்னொரு வேலை வரலைன்னா திங்கக்கிழமை கடைக்கு வந்துடு” என்று கறாராகச் சொல்லிவிட்டார். கல்லாவில் உட்காரவா இந்தப் பெண் நான்கு வருஷம் படித்தாள்?

ஞாயிறன்று மூன்று மணிக்கே ஹுஸ்னா வந்துவிட்டாள். குஷன்களைத் தட்டிச் சரி செய்தவள் திடீரென்று குனிந்தாள்.

“ரமணிக்கா, இது எண்ணெய்க் கறைதானே? உக்கார்ற இடத்துல தலை எப்படிக்கா வந்துச்சு?”

“அண்ணன் அசதில படுத்திருப்பாரும்மா” என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய். அவள் குஷனைத் திருப்பிப் போட்டாள்.

நோர்மா வந்தார். சுற்றிலும் பார்த்துத் தலையாட்டினார். “நீங்க எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க” என்றார்.

நாங்கள் சோபாவின் நுனியில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவது போல விறைத்து உட்கார்ந்தோம். நோர்மா இரண்டு படம் எடுத்தார். பிறகு கேமராவை இறக்கிவிட்டார்.

“அழகா இருக்குலா, ஹுஸ்னா. ஆனா ஷோரூம் மாதிரி இருக்கு. இந்த மாதிரிப் படம் என்கிட்ட நூறு இருக்கு.”

ஹுஸ்னாவின் முகம் சுருங்கிப்போனது. எங்களால்தான் என்று எனக்குத் தெரியும்.

அப்போது வாசலில் ஒரே பேச்சுச் சத்தம். கதவைத் திறந்தால் மேல்மாடி நூர் பீவி, கையில் பெரிய ஜாடி நிறையச் சிவப்புச் சிராப் சர்பத். அவருக்குப் பின்னால் மாடிப்படி வரைக்கும் ஆட்கள். பொரித்த கரிபாப் பலகாரத் தட்டு ஒன்று தலைகளுக்கு மேலே மிதந்து வந்தது.

“ஓப்பன் ஹவுஸ்னு சொன்னீங்களே, தம்பி!” என்றார் நூர் பீவி. பெருநாளில் வீட்டைத் திறந்துவைத்து அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் விருந்து கொடுப்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

சிவநேசன் விழித்தார். சுவர் இடித்த சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு, அடுக்குமாடி வாட்சப் குழுவில் அவர்தான் எழுதியிருந்தார்: ‘ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் ஓப்பன் கான்செப்ட் ரெடி. பொறுத்துக்கொண்ட எல்லாருக்கும் நன்றி.’

“அக்கா, அது ஓப்பன் கான்செப்ட்...”

“ஓப்பன்னா ஓப்பன்தானே! சோபா வர்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் டமடமன்னு இடிச்சீங்க. அதுக்குத்தான் கூப்பிடுறீங்கன்னு நெனச்சோம். வெறுங்கையோட வர முடியுமா?”

வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் பினாங்கில் கிடையாது. பதினைந்து பேர் உள்ளே வந்தார்கள். சிராப் ஜாடி சோபாவைக் கடக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. “வெள்ளையா இருக்கு, அழுக்காயிடும்” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்து அதில் முதுகைச் சாய்த்தார்கள். கடைசியாக வந்த ஜபருல்லாவும் அப்படியே உட்கார்ந்து சாய்ந்தார். சோபா ஒரு சாண் பின்னால் வழுக்கியது.

“என்னம்மா இது? சாஞ்சா ஓடுது! காலுக்கு நடுவுல வேற காலி. இடுப்புக்குப் பிடிமானமே இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். ஹுஸ்னா சிரிக்கவில்லை. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஹுஸ்னா, அத்தா சொல்றது நெசம். நாங்களும் தெனமும் கீழதாம்மா உக்கார்றோம். அண்ணன் தலை அங்க வந்தது அப்படித்தான். உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். அத்தாவின் இடுப்பைப் பார்த்தாள். சோபாவின் காலைப் பார்த்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க. சிவாண்ணே, ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?”

நோர்மா நிற்கிறாரே என்றுகூட அவள் யோசிக்கவில்லை. நான்கு பேரை வைத்துச் சோபாவைக் கவிழ்த்தாள். நான்கு கால்களையும் கழற்றினாள். சோபா தரையில் அழுந்தி உட்கார்ந்தது. அதைச் சுவரோடு தள்ளி, கண்ணாடி மேசையை ஒதுக்கி, என் அறையில் சுருட்டி வைத்திருந்த தடிப்பான விரிப்பைக் கொண்டுவந்து போட்டாள்.

“அத்தா, இப்பச் சாயுங்க.”

ஜபருல்லா சாய்ந்தார். சோபா நகரவில்லை. இடுப்பிலிருந்து தோள் வரை முதுகு அதில் பொருந்தியது. காலை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்களும் வரிசையாகச் சாய்ந்தார்கள். சிவநேசன் எண்ணெய்த் தலையோடு தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். நடுவில் கரிபாப் தட்டு, மேலே காலியான வெள்ளைச் சோபா. நோர்மாவின் கேமரா நிற்காமல் சொடுக்கியது.

“இத நான் போடுறேன், ஹுஸ்னா. இந்த ஐடியா யாருது?”

“இவங்களோடது. கால் கழட்டுனது மட்டும் நான்” என்றாள்.

ஜபருல்லா கண்ணைத் திறக்காமலே பேசினார். “ஹுஸ்னா, நாளைக்குத் திங்கக்கிழமை. கடைக்கு வந்துடு.”

அவள் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன மனிதர் இவர் என்று வாயைத் திறக்கப் போனேன்.

“அளவெடுக்க வா. கல்லாவுக்குப் பின்னால எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும். இன்னொரு வேலை வரணும்னு சொன்னேன்ல? இது வேலை இல்லாம என்ன?”

ஹுஸ்னா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

“நாளைக்கு எதுக்கு? அசையாம இருங்க, அத்தா” என்று அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முதுகை அளக்க ஆரம்பித்தாள்.