வற்றாத தொட்டி

அன்று காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுச் சாமி அறை வாசலில் நின்றவர்கள்: வன்னியபெருமாளாகிய நான், என் மகன் பாண்டிராஜ், மருமகள் பொன்மணி, ஊர்த்தலைவர் திருப்பதி, ஆட்டுக்காரன் சீனி, வீடுவீடாகக் கொசுப்புழு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் சுகுணா. வேறு ஒருவரும் இல்லை.

ஊரில் எட்டுப் பேருக்கு டெங்குக் காய்ச்சல். முதலில் விழுந்தவள் சீனியின் மனைவி கிருஷ்ணவேணி. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சீனியின் ஆட்டுக் கிடையிலிருந்துதான் காய்ச்சல் பரவுகிறது என்று முந்தின நாள் ஊர்க்கூட்டத்தில் சொன்னவன் நான். மறுத்துப் பேச ஆளில்லை. மறுநாள் மதியத்துக்குள் கிடையை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று முடிவானது. நூற்றிருபது ஆடுகள். ஊர்க் கண்மாயை விட்டால் அவற்றுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கிடை போனால் ஆடுகளை விற்பதைத் தவிர சீனிக்கு வழியில்லை.

"டிரம்மு, ஆட்டுரலு, டயரு, பிரிட்ஜுக்குப் பின்னால இருக்க தட்டு எல்லாம் பாத்தாச்சு தாத்தா. ஊருக்குள்ள இந்த ஒரு ரூமுதான் பாக்கி," என்றாள் சுகுணா.

"அது சாமி அறை. வெளியாளு நுழையக் கூடாது."

"அது கொசுவுக்குத் தெரியுமா தாத்தா?"

திருப்பதி சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் இருமினார்.

உள்ளே இருப்பது ஒரு கல்தொட்டி. ஆடி மாதக் கொடைத் திருவிழாவன்று குலசாமிக்கு நிரப்பும் தண்ணீரை அடுத்த கொடை வரை கொட்டக் கூடாது. குறைந்தால் வெள்ளிக்கிழமை ஊற்றி நிரப்பலாம். கரிசலில் அத்தனை கிணறும் வறண்ட பஞ்சத்தில்கூட இந்தத் தொட்டி வற்றவில்லை. ஊரில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் பெயர் அதனால் வந்தது.

"கிடைய விட்டுட்டு வீட்டுக்குள்ள என்ன தேடுத?" என்றேன்.

"மூளைக்காய்ச்சல்னா பன்னியும் கொக்கும் வேணும் தாத்தா. அதுக ஒடம்புல வைரசு பெருகி, கொசு வழியா நமக்கு வரும். டெங்குக்கு ஆடும் வேண்டாம் மாடும் வேண்டாம். காய்ச்சலோட ஒரு மனுசன், கொசு முட்டையிட தேங்குன நல்ல தண்ணி. அம்புட்டுத்தான். கிருஷ்ணவேணி அக்காவுக்கு முந்தி ஊருல யாருக்காச்சும் காய்ச்சல் இருந்துச்சா?"

பாண்டிராஜ் தரையைப் பார்த்தான். தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்தவன், ஐந்து நாள் காய்ச்சலோடு சாமி அறைக்கு அடுத்த அறையில் படுத்திருந்தான். பயண அலுப்பு என்று ஊரில் சொல்லச் சொன்னவன் நான். அப்போதும் அதற்குப் பிறகும், காலையும் மாலையும் எங்கள் மாட்டில் பால் கறக்க வந்தவள் கிருஷ்ணவேணி.

கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். எதிரே ஐந்து பேர். வாசல் நடை குறுகல். விலகிப் போகவும் இடமில்லை. இடுப்பில் சாவி குத்திக்கொண்டிருந்தது.

"விடு தாயி," என்றான் சீனி. "ஐயா வீட்டுச் சாமிய எதுக்குத் தொந்தரவு பண்ணுத? நான் கிடையப் பிரிச்சுக்கிட்டுப் போயிருதேன். ஐயா பேரு கெட வேண்டாம்."

பால் கறக்க வந்தவள் புருஷனிடம் சொல்லாமலா இருந்திருப்பாள்? பாண்டிராஜின் காய்ச்சல் சீனிக்குத் தெரியும். தெரிந்தே கூட்டத்தில் வாய்மூடி நின்றிருக்கிறான். நான் துரத்திய ஒருவன் இரக்கப்பட்டு என் குடும்பத்துக்குப் பெயரைப் பிச்சை போடுகிறான். அதை வாங்கிக்கொண்டு அந்த வாசலில் என்னால் நிற்க முடியவில்லை.

பூட்டைத் திறந்தேன்.

சுகுணா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து தொட்டிக்குள் டார்ச் அடித்தாள். வெளிச்சம் பட்டதும் நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்து அடிக்கு இறங்கின. இருட்டு மூலையிலிருந்து கொசுக்கள் கிளம்பின.

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான்தான மாமா ஊத்துதேன்," என்று பொன்மணி அழுதாள்.

திருப்பதி குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, சத்தமில்லாம கொட்டிருவோம். இங்கன நிக்கது ஆறே பேரு. சீனிதான் போறேன்னு சொல்லுதானே, போவட்டும்."

"ஏன்வே, நீரு தலைவரா, இல்ல எனக்குக் குடை பிடிக்க வந்தவரா?" என்றேன். "ஏட்டி சுகுணா, எழுதிக்கோ. வீட்டுப் பேரையும் என் பேரையும் சேத்தே எழுது."

தொட்டியைச் சாய்க்க முடியாது. செம்பால் மொண்டு வாளியில் ஊற்றினேன். சீனி உதவிக்கு வந்தான்.

"நீ தொடாத. ஓன் ஆட்டப் போய்ப் பாரு. கிடை எங்கயும் போவாது."

பதினோரு வாளி. அத்தனையும் முற்றத்துக் கரிசலில் ஊற்றினேன். தொட்டியின் அடியைத் தேய்த்துத் துடைத்தேன். மாலையில் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, பாண்டிராஜின் காய்ச்சலையும் தொட்டிப் புழுவையும் நானே சொன்னேன். இருந்த ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிடை அதே இடத்தில் இருக்கிறது. கிருஷ்ணவேணி பிழைத்து வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் பால் கறக்க மட்டும் வருவதில்லை.

சுகுணா பூட்டை உடைத்து உள்ளே போனாள், கிழவனை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள் என்று கழுகுமலை வரை பேச்சு நடக்கிறது. பூட்டு உடையவில்லை. என்னை யாரும் தொடவில்லை. சாவி போட்டுத் திறந்தது நான்.