அத்தையின் தூக்கம்

என் மனைவி வளர்மதி இறந்த பிறகு அவள் அம்மா தூங்கவில்லை. நான் கச்சிராயபாளையத்தில் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டேன். சென்னையில் வேலை காத்திருந்தது. "நீங்க ஒழுங்கா தூங்கினாத்தான் நான் கெளம்புவேன் அத்தை" என்று சொல்லியிருந்தேன்.

தூக்கத்தை அளக்கும் வாட்ச் ஒன்றை வாங்கி அவர் கையில் கட்டினேன். மாமா போனதிலிருந்து வெறுமையாக இருந்த கை. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் சிரித்தார்.

"இன்னா அம்சவள்ளி, வாட்ச் கட்டிக்கினு எந்த ஆபீசுக்குக் கெளம்பிட்ட?"

சாவு நடந்த வீட்டில் பெண்பிள்ளை தனியாகப் படுக்கக் கூடாது என்று துணைக்கு வந்தவர் ரங்கம்மாள். காரியம் முடிந்தும் அத்தையின் பக்கத்தில்தான் பாய் போட்டார். நான் முன்னறையில்.

காலையில் என் போனில் பார்ப்பேன். இரண்டு மணி நேரம். சில நாள் அதுவும் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். கொஞ்ச நாளில் ஏழு மணி நேரம் காட்டியது. அப்புறம் தினமும் அப்படியே. டாக்டர் போனைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். வருகிறேன் என்று அலுவலகத்துக்குச் சொன்னேன். அத்தையே என் துணிகளை மடித்துப் பையில் வைத்தார்.

கிளம்ப வேண்டிய காலை, குழாயடியில் ரங்கம்மாள் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மாப்ள, போறப்ப அந்த வாட்சயும் எடுத்துக்கினு போய்டுங்க. ராவெல்லாம் கட்டிக்கினு படுத்து கையெல்லாம் புண்ணு."

"நீங்களா கட்டினீங்க?"

"அவதான் கட்டி வுடுவா. நான் படுத்தா கட்ட மாரி தூங்கிடுவேன். அவ விடிய விடிய உக்காந்துக்கினு கெடக்கறா. இப்ப மாத்திரையும் இல்ல."

உள்ளே போனேன். அத்தை எனக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து தூங்கினீங்களா அத்தை?"

"அதுல போட்டிருக்குமே, பாருங்க."

அவர் எதிரிலேயே அலுவலகத்தைக் கூப்பிட்டு, வரவில்லை என்றேன். பேசி முடிக்கும்வரை நின்றார். பிறகு என் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தார்.

"எம்பொண்ணு இருந்த வரைக்கும் நீங்க மாப்ள. இது எம் வூடு. இப்ப நீங்க ஆரு?"

"அத்தை..."

"ரெண்டு பேரும் விட்டத்தப் பாத்துக்கினே கெடக்கவா? போங்க."

நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார். தாழ் விழுந்தது. தட்டினேன். திறக்கவில்லை. ரங்கம்மாள் குடத்தோடு வந்து நின்றார்.

டவுன் பஸ் வந்தது. ஏறினேன். எங்கே என்று கண்டக்டர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.